அழுக்கா, ஆடையா? ஒரு ஜெர்மன் சொல்லின் கதை

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் எல்லோருமே மொழிபெயர்ப்பாளர்கள்தாம். மல்காஜ்கிரியில் எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பால் பாக்கெட் போடுகிறவரிடம் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் இந்தியா உருதுவா என்று பிரித்தறிய முடியாத ஹைதராபாத் பாஷை, பிள்ளைகளின் பள்ளிக்கூட டைரியில் ஆங்கிலம், அடுக்களையில் தமிழ். காலை எட்டு மணிக்குள் நம் வீட்டுப் பெண்கள் நான்கு மொழிகளுக்குள் புகுந்து புறப்பட்டு விடுகிறார்கள். இதில் ஒரு சொல் இடம் மாறிப் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. கொத்தமல்லி கேட்டால் புதினா வரும், துவையலின் ருசி மாறும், அவ்வளவுதான்.

ஆனால் சில சொற்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஓர் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்க நேரிடும். அப்படிப்பட்ட ஒரு ஜெர்மன் சொல்லைப் பற்றியும், அதோடு சேர்ந்து ஜெர்மனியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த நுண்ணுயிரியல் சொற்களைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

ரயில்வேயில் இருந்தவனுக்கும் ஜெர்மன் மொழிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நான் பொறியியலில் டிப்ளமோ படித்தவன். ஸ்டேஷன் கட்டடங்கள், குவார்ட்டர்ஸ், குடிநீர், சாக்கடை என்றே என் உத்தியோக காலம் கழிந்தது. எங்கள் நண்பர் ஒருவரின் மகள் மைக்ரோபயாலஜி படித்தவர். ஜெர்மன் மொழியும் கற்று, ஜெர்மன் அறிக்கைகளை ஆங்கிலமாக்கும் பணியை வீட்டிலிருந்தபடியே செய்கிறார். அவர் ஒருநாள் ஒரு சொல்லைக் காட்டி, "மாமா, இது உங்கள் தண்ணீர்த் தொட்டி சமாசாரம். அகராதியைப் பார்த்தால் ஒரு மாதிரி வருகிறது, எழுதப் பயமாக இருக்கிறது" என்றார். சொல் இதுதான்: ஷ்முட்ஸ்டெக்கே. ஷ்முட்ஸ் என்றால் அழுக்கு. டெக்கே என்றால் போர்வை. ஆக, அழுக்குப் போர்வை! அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன்பு, இந்தச் சொற்கள் பிறந்த வீட்டைக் கொஞ்சம் பார்த்து வருவோம்.

வயலில் பிறந்த சொற்கள்

நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு மொழிகளில் வேகமாக வளர்ந்தது. பிரான்சில் லூயி பாஸ்டர். ஜெர்மனியில் ராபர்ட் கோக். கோக் நம் நாட்டுக்கு அந்நியர் அல்லர். காலராவை ஆராய வந்த ஜெர்மானியக் குழுவின் தலைவராக 1883 டிசம்பரில் கல்கத்தா வந்து, நோயாளிகளின் குடலிலும், பின்னர் ஒரு குளத்துத் தண்ணீரிலும் அந்தக் கிருமியைக் கண்டவர் அவர். நேரான குச்சி போல இல்லாமல் காற்புள்ளி போல வளைந்திருந்ததால் அதற்குக் 'கொம்மா பாசில்' என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் அது 'காமா பாசிலஸ்' ஆயிற்று. இந்தச் சொல்லை மொழிபெயர்க்க யாரும் சிரமப்பட்டிருக்க மாட்டார்கள். காற்புள்ளி எல்லா ஐரோப்பிய மொழியிலும் காற்புள்ளிதான்.

மற்ற சொற்கள் அவ்வளவு சுலபமாக இல்லை. கோக் அவிக்கப்பட்ட உருளைக்கிழங்குத் துண்டின் மேல் தனித்தனிப் புள்ளிகளாக நுண்ணுயிர்கள் வளர்வதைக் கவனித்தவர். ஒரு புள்ளியில் ஓர் இனம் மட்டுமே இருந்தது. இதிலிருந்துதான் ஒரே இனத்தைத் தனியே பிரித்து வளர்க்கும் முறை உருவாயிற்று. இந்த முறைக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். நுண்ணுயிருக்குக் 'கைம்', அதற்கு முளை என்றும் பொருள். அது வளரும் கூழுக்கு 'நேர்போடன்'. அதாவது ஊட்டம் தரும் நிலம். ஒரே இனம் வளர்ந்தால் 'ரைன்குல்டூர்', தூய சாகுபடி. ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது 'இம்ப்ஃபென்'. அது முதலில் செடிக்கு ஒட்டுக் கட்டுவதைக் குறித்த சொல். முளை, நிலம், சாகுபடி, ஒட்டு! ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு விவசாயியே புகுந்துவிட்டது போல இல்லையா?

இவற்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர்களில் லிஸ்டரின் உதவியாளராக இருந்த வாட்சன் செய்ன் முக்கியமானவர். காயங்களில் சீழ் பிடிப்பதைப் பற்றிய கோக்கின் நூலை அவர் 1880-இல் ஆங்கிலத்தில் தந்தார். ஆங்கிலத்தில் ரைன்குல்டூர் 'ப்யூர் கல்ச்சர்' ஆயிற்று. நேர்போடன் 'கல்ச்சர் மீடியம்' ஆயிற்று. நிலம் போய் ஊடகம் வந்தது. நாம் தமிழில் ஆங்கிலத்தைப் பார்த்து 'வளர் ஊடகம்' என்று எழுதுகிறோம். ஜெர்மனைப் பார்த்திருந்தால் 'வளர்நிலம்' என்றே எழுதியிருப்போம். எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு சுவையான சொல்லும் உண்டு. கோக்கின் ஆய்வுக்கூடத்தில் முதலில் ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். வெயில் காலத்தில் அது உருகிவிடும். அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, ஜாவாவில் வாழ்ந்திருந்த தெரிந்தவர்கள் மூலம் கற்ற சமையல் நுணுக்கத்தை 1881-இல் கணவருக்குச் சொன்னார். அதுதான் அகர். அது மலாய் மொழிச் சொல். அதை ஜெர்மானியரும் மொழிபெயர்க்கவில்லை, ஆங்கிலேயரும் மொழிபெயர்க்கவில்லை. நமக்கோ அது புதிய பொருளே அல்ல. நோன்புக் காலத்தில் நம் முஸ்லிம் சகோதரர்கள் வீட்டில் செய்யும் கடல்பாசிதான் அது!

மொழிபெயர்ப்பாளருக்கு முன் மூன்று வழிகள்

நான் பார்த்த அளவில், ஜெர்மன் சொல் ஆங்கிலத்துக்குள் வந்த வழிகள் மூன்று.

முதலாவது, சொல்லுக்குச் சொல். 1890-களின் தொடக்கத்தில் பால் எர்லிக் எழுதிய 'அன்டிகோர்பர்' என்பது எதிர் உடல் என்று பொருள்படும். ஆங்கிலத்தில் அப்படியே 'ஆன்டிபாடி' ஆனது. கொரோனா காலத்துக்குப் பிறகு இந்தச் சொல்லை அறியாத பாட்டி நம் வீடுகளில் கிடையாது.

இரண்டாவது, வீட்டுச் சொல்லுக்குப் பதில் லத்தீன் சொல். பாக்டீரியா நீந்துவதற்கு உதவும் நீண்ட இழைக்கு ஜெர்மனில் 'கைஸல்' என்று பெயர், பொருள் சாட்டை. ஆங்கில விஞ்ஞானி 'ஃப்ளஜெல்லம்' என்று எழுதுகிறார். அதற்கும் லத்தீனில் சின்னச் சாட்டை என்றுதான் பொருள். ஆனால் ஜெர்மானியச் சிறுவனுக்குச் சாட்டை தெரியும். ஆங்கிலச் சிறுவன் மனப்பாடம் செய்ய வேண்டும்.

மூன்றாவது, மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடுவது. ஷ்முட்ஸ்டெக்கே இந்த மூன்றாம் வகை. ஆங்கிலக் குடிநீர்ப் பொறியியல் நூல்களில் இன்றும் அது ஜெர்மன் சொல்லாகவே இருக்கிறது. ஒரு சொல்லை மொழிபெயர்க்காமல் விடுவதற்குச் சோம்பல் காரணமாக இருக்கலாம். எச்சரிக்கையும் காரணமாக இருக்கலாம். இதில் எச்சரிக்கைதான் நல்லது என்பது என் கட்சி. அதற்கு அந்தத் தொட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணலின் மேல் நடப்பது என்ன?

மெதுவாக வடியும் மணல் தொட்டி மிக எளிமையான அமைப்பு. அடியில் தண்ணீர் வெளியேறும் கால்வாய்கள், அதன் மேல் சரளைக்கல், அதன் மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு நல்ல மணல், அதன் மேல் ஒரு மீட்டருக்குக் குறையாத தண்ணீர். மேலிருந்து கீழே தண்ணீர் மணிக்கு பத்து, இருபது சென்டிமீட்டர் என்ற அளவில்தான் இறங்கும். ஆமை வேகம்தான். இயந்திரம் இல்லை, ரசாயனம் இல்லை.

புதிதாக மணல் போட்ட அன்று இந்தத் தொட்டி பெரிதாக ஒன்றும் செய்யாது. மணல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி பாக்டீரியாவின் கண்ணுக்குப் பெரிய ராஜபாட்டை. சில நாட்கள், சில சமயம் சில வாரங்கள் தண்ணீர் ஓடிய பிறகு மணலின் மேல் வழவழப்பாக ஒரு படலம் உண்டாகும். பாசி, பாக்டீரியா, அவற்றைத் தின்னும் ஒருசெல் உயிர்கள், அவை வெளியிடும் பசை, தண்ணீரோடு வந்த மண்துகள் எல்லாம் சேர்ந்த கலவை அது. அந்தப் படலத்திலும் அதற்குக் கீழே உள்ள மணலிலும் குடியேறிய நல்ல உயிர்கள்தாம் வருகிற கெட்ட உயிர்களைப் பிடிக்கின்றன, தின்கின்றன, பட்டினி போடுகின்றன. அழுக்குப் போர்வை என்று ஜெர்மானியர் பெயரிட்டது இந்தப் படலத்தைத்தான்.

ஆக, வடிகட்டுவது மணல் அல்ல. மணலின் மேல் உள்ள 'அழுக்கு'!

லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்ஸன் 1829-இல் செல்சி தண்ணீர்க் கம்பெனிக்காக இப்படிப்பட்ட தொட்டியைக் கட்டியபோது, கலங்கல் தெளிய வேண்டும் என்பதே நோக்கம். கிருமியைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது. 1885-இல் பெர்சி ஃபிராங்க்லண்ட் கோக்கின் ஜெலட்டின் முறையைக் கொண்டு லண்டன் தண்ணீரைச் சோதித்தபோதுதான், மணலில் வடிந்த தண்ணீரில் நுண்ணுயிர்கள் பெருமளவு குறைந்திருப்பது தெரிந்தது. பெர்லின் நீர்நிலையத்துப் பொறியாளர் பீஃப்கே என்பவரும் இதே காலத்தில் ஆராய்ந்தார். உயிரே இல்லாமல் சுத்தம் செய்யப்பட்ட மணல் சரியாக வடிகட்டுவதில்லை என்று கண்டார். விஞ்ஞானி ஃபிராங்கெலுடன் சேர்ந்து அவர் செய்த சோதனைகள், நல்ல தொட்டியிலும் சில கிருமிகள் தப்பிவிடும் என்பதையும் காட்டின. ஒரு பொறியாளர் இந்தச் சரித்திரத்தில் இடம் பெற்றிருப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்!

ஹாம்பர்கும் ஆல்டோனாவும்

இந்தப் படலத்தின் மதிப்பை உலகம் உணர்ந்தது 1892-இல். ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்கில் அந்த ஆண்டு காலரா புகுந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதை ஒட்டியே ஆல்டோனா என்ற ஊர். நமது ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும் போல, ஒன்று எங்கே முடிகிறது மற்றது எங்கே தொடங்குகிறது என்று புதியவர்களுக்குத் தெரியாது. இரண்டும் எல்ப் நதியின் தண்ணீரைத்தான் குடித்தன. ஹாம்பர்க் நகரத்துக்கு மேற்புறத்தில் தண்ணீரை எடுத்தது, ஆனால் வடிகட்டவில்லை. ஆல்டோனாவோ, ஹாம்பர்கின் சாக்கடை கலந்த பிறகு, கீழ்ப்புறத்தில் எடுத்தது. ஆனால் மணல் தொட்டியில் வடிகட்டியது.

பலன் என்ன தெரியுமா? மோசமான தண்ணீரை எடுத்த ஆல்டோனா பெருமளவு தப்பியது. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் காலரா, எதிர்ப்பக்கம் இல்லை. ஹாம்பர்கின் எல்லைக்குள் இருந்தும் ஆல்டோனாவின் குழாயில் தண்ணீர் பெற்ற ஒரு குடியிருப்பும் தப்பியது. ஹாம்பர்க் அவசரமாகத் தன் வடிகட்டும் நிலையத்தைக் கட்டி 1893 மே மாதம் திறந்தது.

ஆனால் கதையின் முக்கியமான பகுதி இதற்கு நடுவில் இருக்கிறது. 1893-இன் தொடக்கத்தில், கடுங்குளிரில், தப்பித்த ஆல்டோனாவிலேயே சிறிய அளவில் காலரா தலைகாட்டியது. கோக் காரணத்தைத் தேடிப் போனார். தொட்டியைச் சுத்தம் செய்வதற்காகத் தண்ணீரை இறக்கியபோது, உறைபனியில் மணலின் மேல்பரப்பு உறைந்து போயிருந்தது. அதன் பிறகு அந்தத் தொட்டி முன்போல வடிகட்டவில்லை. தண்ணீரில் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை ஏறியது. சில நாட்களில் நோயும் வந்தது. தொட்டி இருந்தது, மணல் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். படலம் மட்டும் வேலை செய்யவில்லை.

இந்த ஆராய்ச்சியை கோக் 1893-இல் வெளியிட்டார். அதை ஜார்ஜ் டங்கன் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1894-இல் எடின்பரோவில் புத்தகமாக வந்தது. ஒரு வருடத்துக்குள் மொழிபெயர்ப்பு! ஆங்கிலம் பேசும் நாடுகளின் பொறியாளர்கள் ஜெர்மன் தெரியாமலே ஆல்டோனாவின் அனுபவத்தைப் படிக்க முடிந்தது. நம் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீருக்காக மெதுவான மணல் தொட்டிகள் திறக்கப்பட்டன. அதற்கு முன்பு திறந்த வாய்க்காலில் வந்த தண்ணீர் வடிகட்டப்படாமலே வீடுகளுக்குப் போயிற்று.

நூறு முளைகள்

கோக் மூன்று விதிகளைச் சொன்னார். தண்ணீர் மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக இறங்கக் கூடாது. ஒவ்வொரு தொட்டியையும் தனித்தனியே தினமும் சோதிக்க வேண்டும். வடிந்த தண்ணீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 'கைமே'க்கு மேல் இருக்கக் கூடாது.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர் விழித்துக்கொள்ள வேண்டும். கைமே என்பது கைம் என்பதன் பன்மை. ஆங்கிலத்தில் 'ஜெர்ம்' என்று எழுதினால் அகராதிப்படி சரி. ஆங்கிலச் சொல்லுக்கும் பழைய பொருள் முளைதான்; கோதுமையின் முளைப்பகுதியை 'வீட் ஜெர்ம்' என்கிறார்கள் அல்லவா? ஆனால் இன்று ஜெர்ம் என்றதும் சோப்பு விளம்பரம்தான் நினைவுக்கு வரும். 'ஒரு கன சென்டிமீட்டரில் 100 கிருமிகள் இருக்கலாம்' என்று தமிழில் எழுதினால் எந்தத் தாயும் அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டாள்.

உண்மையில் கோக் எண்ணியது நோய்க்கிருமிகளை அல்ல. தட்டில் ஊற்றிய ஜெலட்டினில் முளைத்து வந்த புள்ளிகளை எண்ணினார். அவற்றில் பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை. அந்த எண்ணிக்கை, தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதற்கான அடையாளம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போல. ஒரு புள்ளி ஓர் உயிரிலிருந்தும் முளைக்கலாம். ஒட்டிக்கொண்டிருந்த பல உயிர்களிலிருந்தும் முளைக்கலாம். ஆகவேதான் பிற்காலத்தில் 'காலனி உண்டாக்கும் அலகு' என்று எச்சரிக்கையாக எழுதத் தொடங்கினார்கள். பழைய ஜெர்மன் சொல்லை 'பாக்டீரியா' என்று எழுதினால் ஆசிரியர் சொல்லாததைச் சொன்னதாகும். 'கிருமி' என்று எழுதினால் பயமுறுத்தியதாகும். 'தட்டில் முளைத்தவை' என்று எழுதினால் அவர் கண்ணால் கண்டதைச் சொன்னதாகும்.

சுரண்டச் சொன்ன அதிகாரி

இனி ஷ்முட்ஸ்டெக்கேவுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

1980-களின் பிற்பகுதி. ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்த ஒரு ரயில்வே காலனி. ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டு மணல் தொட்டிகள். நான் அங்கே புதிதாகப் போயிருந்தேன். மேலிடத்து இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. தொட்டியில் பச்சையும் பழுப்புமாகப் படர்ந்திருந்ததைப் பார்த்த ஒரு மேலதிகாரி, "குடிக்கிற தண்ணீரில் இவ்வளவு அழுக்கா? இரண்டையும் இன்றே சுரண்டிப் பளிச்சென்று வை" என்று கலாசிகளுக்கு உத்தரவு போட்டார். ஒன்றையாவது விட்டுவைக்கலாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. இன்ஸ்பெக்ஷன் பிரமாதமாக நடந்தது. பாராட்டும் கிடைத்தது. அடுத்த வாரம் காலனிக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் சரியில்லை. பிளீச்சிங் பவுடரை அதிகமாக்கி, காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகப் போய், தொட்டிகள் மறுபடி நிதானத்துக்கு வரும்வரை சமாளித்தோம்.

சுரண்டவே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். படலம் தடித்துப்போனால் தண்ணீர் இறங்காது. அப்போது ஒரு தொட்டியை நிறுத்தி, மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் சீவி எடுத்து, மறுபடி தண்ணீர் விட்டு, முதலில் வடிவதை வீணாக விட்டுவிட வேண்டும். அதுவரை மற்றத் தொட்டி ஊரைக் காப்பாற்றும். எப்போது சீவ வேண்டும் என்பதைத் தண்ணீர் இறங்கும் வேகம் சொல்லும். கண்ணுக்கு அழகா இல்லையா என்பது சொல்லாது.

அங்கிருந்த மூத்த கலாசி தெலுங்குக்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்கு பாக்டீரியா, புரோட்டோசோவா என்று சொல்லிப் பயனில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், "அதி முரிகி காது, மீகட" என்றேன். அது அழுக்கு இல்லை, பாலாடை என்று அர்த்தம். அவர் ஒரு நிமிடம் தொட்டியைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அவர் வீட்டில் எருமை இருந்தது. மீகடையை யாரும் அழுக்கென்று வழித்து எறிய மாட்டார்கள். எப்போது எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்று கணக்கு உண்டு. அதன் பிறகு நான் மாற்றலாகிப் போகும்வரை, அந்தத் தொட்டியைத் தேவையில்லாமல் தொட அவர் யாரையும் விட்டதில்லை.

இதைத்தான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஜெர்மானியர் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பெயரிட்டுவிட்டார்கள். அவர்களுடைய பொறியாளர்களுக்கு அதன் மகிமை தெரியும். ஆகவே பெயர் எப்படியிருந்தாலும் ஆபத்தில்லை. ஆனால் சொல் இன்னொரு மொழிக்குப் போகும்போது அந்த அறிவு கூடவே போவதில்லை; சொல் மட்டும்தான் போகிறது. 'அழுக்குப் போர்வை' என்று ஆங்கிலத்தில் எழுதினால், படிக்கிறவன் கை முதலில் சுரண்டும் கருவியைத்தான் தேடும்.

உலக சுகாதார நிறுவனம் 1974-இல் ஹூய்ஸ்மன், வுட் என்ற இருவர் எழுதிய கைநூலை வெளியிட்டது. மெதுவான மணல் வடிகட்டலுக்கு அது இன்றும் பெயர் பெற்ற நூல். அதில் ஷ்முட்ஸ்டெக்கே என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் 'ஃபில்டர் ஸ்கின்' என்றும் ஒரு பெயர் தந்தார்கள். அழுக்கு போய்விட்டது, தோல் வந்துவிட்டது. தோலை யாரும் உரித்து எறிய மாட்டார்கள் அல்லவா? அந்த இருவரும் யோசித்துச் செய்த காரியம் என்றே நினைக்கிறேன்.

அதே பத்தாண்டில் நாகபுரியில் உள்ள நீரி நிறுவனம், ஹாலந்து நாட்டு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து இந்தியக் கிராமங்களில் இத்தகைய தொட்டிகளைக் கட்டிக்காட்டும் திட்டத்தை மேற்கொண்டது. ஆந்திரத்தில் போத்துநூரு, தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கின் காமயகவுண்டன்பட்டி ஆகியவை அந்த ஊர்களில் அடங்கும். எல்ப் நதிக்கரையில் இருந்த வித்தை, முல்லைப் பெரியாறு பாயும் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது!

மூலத்தை மிஞ்சிய மொழிபெயர்ப்பு

மொழிபெயர்ப்பு எப்போதும் மூலத்துக்குக் கீழேதான் நிற்கும் என்பதில்லை. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் புதிய முறையைக் கண்டார்கள். காற்று ஊதிய சேற்றில் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கைத் தின்றுவிடும். அதற்கு ஆங்கிலத்தில் 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' என்று பெயரிட்டார்கள், தூண்டிவிடப்பட்ட சேறு. ஜெர்மானியர்கள் அதைத் தங்கள் மொழியில் 'பெலேப்ட்ஷ்லாம்' என்றார்கள், உயிரூட்டப்பட்ட சேறு. எது உண்மைக்கு அருகில்? ஜெர்மன் மொழிபெயர்ப்புதான். மணல் படலத்தை அழுக்கு என்று சொன்ன அதே மொழி, சேற்றுக்குள் உயிரைக் கண்டு சொல்லிவிட்டது!

இன்னொன்று. தொட்டி வேலைக்குப் பழகும் காலத்தை ஆங்கிலத்தில் 'ரைப்பனிங்' என்பார்கள், பழுத்தல். ஜெர்மனில் 'ஐன்ஆர்பைட்டுங்' என்றும் சொல்வதுண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைப் பழக்குவதற்கும் அதே சொல். எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது. பழத்தை அவசரப்படுத்தக் கூடாது. புது ஆளையும் அவசரப்படுத்தக் கூடாது.

தமிழுக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களைத் தமிழாக்கினார். முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தைப் பார், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது என்பது அவருடைய முறை. இன்றைக்கும் இதைவிட நல்ல முறை இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்த முறைப்படி ஷ்முட்ஸ்டெக்கேவைத் தமிழில் தேடினால் வெகுதூரம் போக வேண்டாம். பாலின் மேல் படிவது பாலாடை. மணலின் மேல் படிவது மணலாடை. டெக்கே என்றால் போர்வை, ஆடையும் போர்வைதானே? ஜெர்மனின் பாதிச் சொல் அப்படியே வந்துவிட்டது. அழுக்கை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று பயாலஜி, பயோடெக்னாலஜி படிக்கிறார்கள். இந்த ஹைதராபாத்தில் மருந்துக் கம்பெனிகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் குறைவில்லை. ஜெர்மன், ஜப்பானிய மொழிகள் தெரிந்தால் வேலை வாய்ப்பு உண்டு. கணினியே மொழிபெயர்த்துவிடுகிறதே என்று சிலர் கேட்பார்கள். கணினி சொல்லைத் தரும். அந்தச் சொல்லைப் படித்து யார் எந்தக் குழாயைத் திருப்பப் போகிறார், எந்தக் கருவியைக் கையில் எடுக்கப் போகிறார் என்பதை மனிதர்தான் யோசிக்க வேண்டும். ஒரு கலைச்சொல்லை எழுதி முடித்ததும், 'இதைப் படித்து ஒரு கலாசி என்ன செய்வார்?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் சரியானதைச் செய்வார் என்றால் மொழிபெயர்ப்பு சரி. இல்லையென்றால், அகராதி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இன்னொரு சொல்லைத் தேட வேண்டியதுதான்.